இறக்கக்கண்டி முகத்துவாரத்துப் பறவை நடை: காசுக்குத் தகுமா?

நிலாவெளிக் கடற்கரையில் தொடங்கி வடக்கே இறக்கக்கண்டி முகத்துவாரம் வரை நடந்து, வற்று நேரத்தில் மணல் திட்டிகளுக்கு நீரில் இறங்கிக் கடந்து, பறவை பார்த்துத் திரும்பும் குழு நடை ஒன்றை அந்தப் பகுதி இளைஞர் சிலர் நடத்துகிறார்கள். பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. தங்குமிடங்களில் கேட்டால் வாட்ஸ்அப் இலக்கம் தருவார்கள், பதிவு அதிலேதான். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியும். எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து போக வர ஏழு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அதில் பெரும்பகுதி மணல், மிச்சம் சேறும் நீரும்.

விளம்பரத்தில் "தீவுகளுக்கு நடை" என்று போட்டிருப்பதால் பலர் புறாத்தீவுக்கு நடந்து போகலாம் என்று நினைத்து வருகிறார்கள். போக முடியாது. புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி ஆழமான நீருக்கு அப்பால் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுத்துப் படகில்தான் போக வேண்டும். இந்த நடையில் அது வலப்பக்கம் கடலில் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் உண்மையில் கால் வைப்பது முகத்துவாரத்துக்கு உட்புறம் களப்பில் கிடக்கும் மணல் திட்டிகளில். சில ஒரு வீட்டு வளவு அளவு இருக்கும், சில அதைவிடச் சிறிசு. பாறையும் பவளமும் மீனும் பார்க்க வேண்டுமென்றால் இது உங்களுக்கான நடை அல்ல. உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா போன்ற கரைப்பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் திருகோணமலைக்கு வடக்கே கால்நடையாக எட்டக்கூடிய இடங்களில் இதைவிடத் தோதானது குறைவு.

இனி வற்றுப்பெருக்கு. இந்த நடையின் தரம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது. ஐரோப்பியக் கரைகளில் கடல் பல மீற்றர் பின்வாங்கி அடிமணல் வெளியே தெரியும் படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே ஏமாற்றம்தான். திருகோணமலையில் அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில்கூட வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஏறக்குறைய 0.6 மீற்றர், அதாவது இரண்டு அடி. இடைப்பட்ட எட்டாம் பிறை நாட்களில் அது ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே அட்டவணையில் "காலை இத்தனை மணிக்கு வற்று" என்று இருப்பதை மட்டும் நம்பிப் புறப்படும் குழு பாதி நாட்களில் இடுப்பளவு நீரில் நின்று விழிக்கும். இரண்டு அடி வித்தியாசத்தை ஒரு நல்ல வாடைக்காற்று தின்றுவிடும். காற்று வடகிழக்கிலிருந்து விடாமல் அடிக்கும்போது கடல்நீரைக் கரைக்குத் தள்ளிக் குவிக்கிறது. அதோடு மார்கழி மழை களப்பை நிரப்பியிருந்தால் முகத்துவாரம் நாள் முழுவதும் வெளிப்பக்கமாகவே ஓடும், அட்டவணை என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியூர் வழிகாட்டிகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான். முகத்துவாரம் ஒடுக்கம், உள்ளே களப்பு அகலம். கடலில் வற்று முடிந்த பிறகும் களப்பு கொஞ்ச நேரம் வடிந்துகொண்டேயிருக்கும். கடல் வற்றிய அந்த நிமிடத்தில் வாய்க்கருகே நீரோட்டம் இன்னும் கடலை நோக்கி இழுக்கும். கடக்கத் தோதான நேரம் அதற்குப் பிந்தி, ஓட்டம் தளர்ந்து நீர் நிற்கிற இடைவெளி. அது எவ்வளவு பிந்தும் என்பது வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாயோ மாதத்துக்கு மாதம் மாறும்: மழையில் உடைத்துக்கொண்டு அகலும், கோடையில் மணல் அடைத்து ஒடுங்கும். முழுதாக அடைத்துக்கொண்டால் களப்புக்குள் வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. வெயிலில் நீர் காய்ந்து தாழ்கிற கணக்குத்தான்.

இந்தக் குழுவுக்கு நாங்கள் முதல் புள்ளி கொடுப்பது இதற்காகவே. அட்டவணையைப் பார்த்து நேரம் குறிக்கிறார்கள், ஆனால் இறங்குவதா இல்லையா என்பதை அந்த இடத்தில்தான் முடிவு செய்கிறார்கள். முன்னே போகிறவர் முதலில் பேசுவது கரையில் வலை திருத்திக்கொண்டிருப்பவரிடம். "நானா, வாய் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டால், "நடுவுல பள்ளம் விழுந்திருக்கு தம்பி, உள்பக்கத்தால சுத்திப் போங்க" என்று பதில் வரும். அதற்குப் பிறகும் அவர் சும்மா இறங்குவதில்லை. முழங்கால், தொடை உயரங்களில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தனியே கடந்து போய்த் திரும்புகிறார். நீர் முழங்கால் துணிக்கு மேலே வந்தால் குழு இறங்காது. அந்த நாளில் திட்டியைக் கரையிலிருந்தே ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியில்) பார்த்துவிட்டு மணல் மேட்டோடு நடை திரும்பும். முழங்காலுக்கு மேலே ஓடும் நீர் வளர்ந்தவரையும் தள்ளும், மணலும் காலடியில் அரித்துக்கொண்டு போகும் என்பதால் இந்த வரம்பு சரியானது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று முகம் கோணுபவர்களுக்காக இதைத் தளர்த்துவதில்லை. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார்களா என்றால், இல்லை. பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், சொல்வதில்லை. அது குறை.

கடக்கும் முறையும் ஒழுங்கானது. ஒவ்வொருவரும் பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை உங்களைக் கீழே பிடித்து வைக்கக் கூடாது என்பதற்காக. பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து நகர வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போகும், மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகப் போகாமல் சற்று மேல்நோக்கிச் சரிந்து போக வேண்டும். களப்புக்குள் முதலை உண்டா என்று கேட்பவர்களுக்கு வழிகாட்டிகள் சிரித்து மழுப்பாமல், மீனவரிடம் அன்றன்று விசாரித்துச் சொல்கிறார்கள். கண்ணா (அலையாத்தி) பற்றைகள் அடர்ந்த ஓரத்தை எப்படியும் தவிர்க்கிறார்கள். வழியில் ஒரே தொல்லை சுரி. திட்டியின் களப்புப் பக்கச் சரிவில் மேலே மணல் போலத் தெரிந்து கீழே கருஞ்சேறாக இருக்கும் துண்டுகள் உண்டு. சிறு நண்டு வளைகள் நெருக்கமாக, மேற்பரப்பு பளபளப்பாக இருந்தால் அங்கே கால் வைக்காதீர்கள்.

காலத்தைப் பற்றி. ஐப்பசி முதல் தை வரை வலசைப் பறவை நிறைய, ஆனால் மழையும் வாடையும் சேர்ந்து கடப்பதைக் கெடுக்கும். மாசி, பங்குனிதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், திட்டிகள் வெளியே தெரியத் தொடங்கியிருக்கும், பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. சித்திரையில் எண்ணிக்கை குறையும். ஆனாலும் பிந்திக் கிளம்பும் மணல் உப்புக்கொத்திகளின் நெஞ்சு செம்மண் நிறமாகிவிட்டிருக்கும், குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக இருந்த அதே பறவை என்று நம்புவது கடினம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் அமைதி, மணல் பறக்கும், வலசைப் பறவை அரிது. நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் குவிவது அந்தக் காலத்தில்தான். ஆகவே பலர் தவறான மாதத்தில் இந்த நடைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

அந்த மாதங்களில் இந்தக் குழு திட்டிகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போவதேயில்லை, கரையோர நடை மட்டும். காரணம் நியாயமானது. சிற்றாலாவும் இங்கேயே வாழும் சிறு உப்புக்கொத்தியும் அப்போது வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல ஒரு குழி, அதைச் சுற்றிச் சில சிப்பித் துண்டுகள். முட்டையின் நிறம் மணலேதான், மிதித்த பிறகுதான் தெரியும். மிதிக்காவிட்டாலும், ஆட்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை முட்டைக்கு நிழல் கொடுக்க முடியாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து மணி வெயிலில் முட்டை அவிந்துபோக அதிக நேரம் தேவையில்லை. மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் "திட்டிக்கும் கூட்டிப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் அவர்களோடு போகாதீர்கள்.

அந்த உப்புக்கொத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்ற பரந்த இனத்துக்குள் அடக்கப்பட்டிருந்த இது 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு அனுமன் பெயரைப் பெற்றது. இலங்கையும் தென்னிந்தியாவும்தான் இதன் வீடு. கெண்டிஷை விடச் சற்றுச் சிறியது, கால் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருக்கும். பழைய கையேட்டை வைத்திருக்கும் வழிகாட்டிகள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். இந்தக் குழுவில் ஒருவருக்கு மட்டும் புதியது தெரிகிறது.

வேறென்ன பார்க்கலாம்? அலை விளிம்போடு முன்னும் பின்னும் ஓடும் வெண்ணிறச் சிறு உள்ளான்கள், கடற்பாசிக் குவியலைப் புரட்டும் கல்திருப்பி, களப்போரத்தில் பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், கொசு உள்ளான், நெடுங்கால் உள்ளான், தனியே நிற்கும் கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை). பெரிய மணல் உப்புக்கொத்தியையும் சிறியதையும் பிரிக்க நிறத்தைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தை விட அலகு நீளமாகத் தெரிந்தால் பெரியது. ஆலாக்களுக்கும் அலகுதான் அடையாளம். பச்சை கலந்த மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா, செம்மஞ்சள் என்றால் சின்னக் கொண்டை ஆலா, தடித்த கறுப்பு என்றால் தடித்த அலகு ஆலா, காகத்தளவு உடம்போடு கரட் போன்ற சிவப்பலகு என்றால் கஸ்பியன் ஆலா. நான்கும் ஒரே திட்டியில் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்கும் காலைகள் உண்டு, பயிற்சிக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. மேலே செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வரும். கழுகு வந்தால் முழுக் கூட்டமும் ஒரேயடியாகக் கிளம்பும், எண்ணிக்கொண்டிருந்தவர் பாவம், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பூநாரைக் கூட்டத்துக்காக வருபவர்கள் மன்னாருக்குப் போவது மேல்.

நடை காலையில் வைக்கப்படுவதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. முகத்துவாரத்து மணல் நாக்கில் நின்று மேற்கே களப்பைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஒவ்வொரு இறகும் துலங்கும். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். ஆகவே "பின்னேர நடையும் உண்டு" என்று அவர்கள் தருவதை எடுக்காதீர்கள், பறவை பார்ப்பவர்களுக்கு அது வீண் செலவு. வாடை அடிக்கும் காலையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. கரைப்பறவைகள் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும், இல்லாவிட்டால் இறகு கலைந்து குளிர் ஏறும். காற்று கடலிலிருந்து வருவதால் களப்பில் நிற்பவை மணல் நாக்கில் இருக்கும் உங்களைப் பார்த்தபடி நிற்கும். அலகும் நெஞ்சும் நன்றாகத் தெரியும், ஆனால் அவையும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எழும்பினால் காற்றுக்கு எதிராக, உங்கள் தலைக்கு மேலாகவே வரும். அறுபது எழுபது மீற்றருக்குள் நெருங்க வேண்டியதில்லை. தலையைத் தூக்கி மேய்வதை நிறுத்தினாலே நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிட்டப் போய்விட்டீர்கள். மாசி, பங்குனியில் இவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே பறக்கக் கொழுப்புச் சேர்க்கின்றன, ஒவ்வொரு வீண் பறப்பும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் கழிகிறது.

காற்றில் ஸ்கோப் பிடிப்பது தனி வேலை. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. கால்களை அகல விரித்து, தாழ வைத்து, மணலில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் தண்ணீர்ப் போத்தல் போட்ட பையைத் தொங்கவிடலாம், ஆனால் பை நிலத்தில் லேசாகத் தட்ட வேண்டும், ஆடினால் இன்னும் கெடுதி. 20 முதல் 60 மடங்கு வரை போகும் கண்வில்லையில் 30ஐத் தாண்டினால் காற்றின் நடுக்கமும் மணலிலிருந்து எழும் கானலும் மட்டும்தான் பெரிதாகும். எட்டரை மணிக்குப் பிறகு கானல் இன்னும் மோசம். பைனாக்குலர் என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42, பத்து மடங்குக் கருவி இந்தக் காற்றில் கைநடுக்கத்தைக் காட்டும். வில்லையில் உப்புத் துமி படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், அதோடு ஒட்டிய மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

காலுக்கு என்ன போடுவது என்பதில் குழுவின் அறிவுரை பாதி பிழை. "செருப்புப் போதும்" என்கிறார்கள். விரலிடைச் செருப்பு சேற்றில் முதல் அடியிலேயே கழன்று போகும். குதிகாலில் பட்டி உள்ள சாண்டல் பரவாயில்லை, அதற்குள் சிப்பித் துண்டு புகுந்தால் நின்று கழற்ற வேண்டி வரும். சுழியோடிகள் போடும் மெல்லிய ரப்பர்ச் சப்பாத்துத்தான் சரி. வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம். சிப்பி விளிம்பு பிளேட் மாதிரி வெட்டும், போதாததற்கு அறுந்த தங்கூசியும் தூண்டிலும் மணலில் புதைந்து கிடக்கும். முழுக்கை மேற்சட்டை, நாடி வரை கயிறு கட்டக்கூடிய தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். நிழல் எங்கும் இல்லை. கைபேசியை இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பையில் வையுங்கள். கழிப்பிடம் தொடங்கும் இடத்தில் உண்டு, அதற்குப் பிறகு திரும்பி வரும் வரை இல்லை. பெண்கள் ஈர உடை மாற்றவும் இடம் ஒதுக்கவில்லை. இதைக் குழு சரிசெய்தே ஆக வேண்டும், அருகில் ஒரு வீட்டாரோடு பேசினால் முடியும் காரியம்.

பெரிய குறை குழுவின் அளவு. வார நாளில் ஆறு ஏழு பேர் வந்தால் அருமையான நடை. போயா விடுமுறையில் பதினைந்தைத் தாண்ட விடுகிறார்கள், ஸ்கோப்போ ஒன்றுதான். ஒருவர் கண் வைத்துக் கைபேசியால் படமெடுக்க முயன்று முடிப்பதற்குள் பறவை போய்விடும். வரிசையாக நடக்காமல் பரவி நடப்பதால் கூட்டம் எழும்பும். பறுவத்தன்று வற்று நன்றாக இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் இந்த நெரிசலுக்கு அது ஈடாகாது. பறுவத்துக்கு ஓரிரு நாள் பிந்திய வார நாளைக் கேட்டு வாங்குங்கள், வற்று அதேயளவு நன்றாக இருக்கும். கரை நாய்கள் குழுவோடு சேர்ந்துகொள்வதும் உண்டு. வழிகாட்டிகள் தொடக்கத்திலேயே விரட்டாமல் பிஸ்கட் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அந்த நாய்தான் திட்டியில் முதலில் ஏறுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பறவையை வரவழைக்கக் கைபேசியில் குரல் போடும் பழக்கம் இவர்களிடம் இல்லை. ட்ரோன் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றன்று பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிந்து குழுவுக்கு இணைப்பு அனுப்புகிறார்கள், தெரியாத பறவையை "தெரியவில்லை" என்றே எழுதுகிறார்கள். பெயர்களைத் தமிழில் சொல்கிறார்கள், கேட்டால் ஆங்கிலத்திலும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி, ஆனால் பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டி வராதீர்கள், முழங்கால் வரம்பு பெரியவரின் முழங்காலுக்கு வைத்தது.

சாப்பாடு கட்டணத்தில் சேரும்: இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், பிளேன்ரீ. வாழையிலையில்தான் வருகிறது. ருசியில் குறையில்லை. கடற்கரையில் காற்றோடு சாப்பிட்டால் சம்பலில் மணல் சேரும், மேட்டுக்குப் பின்னால் இராவணன் மீசைப் பற்றைகளுக்கு அப்பால் உட்காருங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியாகப் போகும் பேருந்துகள் நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் நிற்கும். ஆனால் விடியலுக்கு முன் சேர வேண்டுமென்றால் ஓட்டோ பேசிக்கொள்வதே நம்பிக்கை. முதல் நாள் இரவே பேசி வையுங்கள். நடை முடிந்து நேரமும் தண்ணீரும் மிச்சமிருந்தால் கும்புறுப்பிட்டிப் பக்கத்து உப்பளங்களை வீதியோரத்தில் நின்றே பாருங்கள். வரம்புகளுக்குள் இறங்காதீர்கள், அது வேலை நடக்கும் இடம். களப்பில் காற்று கலைத்துவிட்ட கொசு உள்ளான்கள் அந்தப் பாத்திகளில்தான் ஒதுங்கியிருக்கும்.

பதிவு செய்யும்போது மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: அன்றைக்கு எத்தனை பேர், ஸ்கோப் எத்தனை, திட்டிக்குக் கடக்க முடியாவிட்டால் ஏதாவது திரும்பக் கிடைக்குமா. பத்துப் பேருக்கு மேல் என்றால் வேறு நாள் கேளுங்கள், மாசி பங்குனியில் வார நாட்களில் இடம் கிடைப்பது கடினமல்ல.